சொர்க்கத்தில் இன்னும் சில திருத்தங்கள்

டைப்பிங் கடை வைத்திருப்பவருக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. புரிந்த விஷயம் என்று பார்த்தால் ஒன்றும் தேறாது. வாடகை ஒப்பந்தத்திலிருந்து வான சாஸ்திரம் வரைக்கும் எல்லாம் என் பத்து விரல் வழியாகப் போயிருக்கிறது, மண்டையில் எதுவும் தங்கவில்லை. அடுத்தவர் கையெழுத்தை உற்றுப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள், "அக்கா, ஒரே ஒரு சின்ன கரெக்‌ஷன்" என்று யாராவது படியேறினாலே ஷட்டரை இறக்கப் பார்க்கிறவர்கள் உங்களில் இருந்தால் வாங்க, உட்காருங்க. உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் கடை. நானும் எங்க வீட்டுக்காரரும் சேர்ந்து ஆரம்பித்தது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது டைப்பிங் நான், பைண்டிங் பஷீர் பாய். சுற்றிலும் காலேஜ்கள் இருப்பதால் தீசிஸ் வேலைக்குக் குறைவில்லை. அப்படி வந்து சேர்ந்தவர்தான் ஜெசிந்தா மிஸ். செம்பாக்கத்தில் வீடு, ஒரு ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர், பகுதி நேரமாகப் பிஎச்டி. அந்தக் காலத்து ஐரோப்பாவில், ராஜா ராணி காலத்தில், கிறிஸ்தவக் கவிஞர்கள் ஆளாளுக்குச் சொர்க்கத்தைக் கண்ட மாதிரி பாட்டு எழுதி வைத்திருக்கிறார்களாம். அதுதான் மிஸ்ஸின் ஆராய்ச்சி. நீள நோட்டில் கையால் எழுதிக்கொண்டு வருவார், நான் அடிப்பேன். ஒன்பது வருஷம் அடித்தேன். வைகுண்டத்துக்கு வழி கேட்டால்கூட எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் அவர்கள் சொர்க்கத்தில் எந்தத் தெருவில் என்ன இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பன்னிரண்டு வாசல்

பாய்க்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்தப் புத்தகத்துக்கும் அட்டை போட மாட்டார். அது அவர் கொள்கை. விலங்கியல் தீசிஸ் ஒன்று வந்தபோது அது முழுக்கக் கரப்பான்பூச்சி பற்றியது என்று தெரிந்து, கையை ரெண்டு தரம் கழுவிக்கொண்டவர். அதனால் மிஸ்ஸின் முதல் அத்தியாயம் ஸ்பைரல் போட வந்தபோது நான் சுருக்கமாகச் சொன்னேன். ஊரைச் சுற்றிப் பெரிய மதில், மதில் முழுக்க நவரத்தினக் கல், பன்னிரண்டு வாசல், ஒவ்வொரு வாசலும் ஒரே ஒரு முத்தில் செய்தது.

பாய் அப்படியே நின்றார். "எட்டு வாசல்னுல்ல நாங்க கேள்விப்பட்டிருக்கோம்" என்றார். மிஸ் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கடைக்குள் மதச் சண்டை வந்துவிடுமோ என்று "டீ சொல்லட்டுமா, யாருக்கு சர்க்கரை கம்மி?" என்று நடுவில் புகுந்தேன். ரெண்டு பேரும் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. பாய் மிஸ்ஸைப் பார்த்துக் கவலையோடு சொன்னார்: "எங்க பக்கம் எட்டுலயும் கூட்டம் சேந்துடுச்சுன்னா, உங்க பக்கம் ஒண்ண மட்டும் கொஞ்சம் தெறந்து வைங்க மிஸ்."

விளக்கே இல்லாத ஊர்

சித்திரை மாசம், மத்தியானம் மூணு மணி. அந்த ஊரில் சூரியனும் கிடையாது, நிலாவும் கிடையாது, விளக்கும் கிடையாது, ஆனாலும் இருட்டு என்பதே கிடையாது என்று வரிசையாக அடித்துக்கொண்டு போகிறேன். 'இருட்டு' வருகிற இடத்துக்கு வந்ததும் கரண்ட் போயிற்று. யூபிஎஸ் ஏற்கெனவே உயிரை விட்டிருந்தது. நாலு பக்கம் சேவ் பண்ணாமல் அடித்திருந்தேன், அத்தனையும் போச்சு. இந்த வலி உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

ஆதார் கார்டு ஜெராக்ஸுக்காக ஷேர் ஆட்டோ மணி வாசலில் காத்துக்கொண்டிருந்தான். அப்படி என்ன போய்விட்டது என்று கேட்டான். சொர்க்கம் போய்விட்டது என்று சொல்லி, அதில் என்ன எழுதியிருந்தது என்றும் சொன்னேன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு மணி சொன்னான்: "கரண்டே இல்லாம வெளிச்சம் மட்டும் வந்துகினு கீதா? அப்ப மொதல்ல நம்ம தெருவ அங்க சேத்துட சொல்லுக்கா."

வரிசை

அந்தக் கவிஞர்களுக்கு வரிசை ரொம்ப முக்கியம். தேவதூதர்களில் ஒன்பது படி. மனுஷர்களிலும் மேல்வரிசை, கீழ்வரிசை எல்லாம் உண்டு. ஆனால் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு மேலே இருப்பவர் மேல் பொறாமையே கிடையாதாம். அவரவர் இடத்தில் அவரவர் நிறைந்துபோய் உட்கார்ந்திருப்பார்களாம். ரிட்டையர் ஆன சார் ஒருத்தர் மாசத்துக்கு ஒரு மனு அடிக்க வருவார். ஜூனியருக்குத் தனக்கு முன்னால் பிரமோஷன் கொடுத்துவிட்டார்கள் என்று இருபது வருஷமாக மனு போட்டுக்கொண்டிருப்பவர். என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார், திரும்பவும் படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அப்பேர்ப்பட்ட எடத்துல நான் போயி என்னம்மா பண்ணப் போறேன்?"

முப்பத்து மூன்று

நாலாம் அத்தியாயம் கைக்கு வந்தபோது எங்க வீட்டுக்காரர் போய் மூணு மாசம்தான். அதில் ஒரு பக்கம். எந்த வயதில் செத்திருந்தாலும் சரி, அங்கே எல்லோருக்கும் ஏறக்குறைய முப்பத்து மூன்று வயது என்று அந்தக் காலத்தில் நம்பியிருக்கிறார்கள். ஏசு இந்த உலகத்தில் வாழ்ந்தது அத்தனை வருஷம் என்பதால் அப்படி. கிழவருக்கும் முப்பத்து மூணு, கைக்குழந்தைக்கும் முப்பத்து மூணு.

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எனக்கும் அவர்கள் வேதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாசம் தவறாமல் திருநீர்மலை ஏறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறவள் நான். இருந்தாலும் மனசு அது பாட்டுக்குப் போயிற்று. முப்பத்து மூணு வயசில் அவருக்குத் தலை நிறைய முடி. பழைய ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக் குன்றத்தூர் கூட்டிப் போவார், மலைப்படியில் எனக்கு முன்னால் ரெண்டு ரெண்டாகத் தாண்டுவார், மேலே போய் நின்றுகொண்டு என்னைக் கேலி பண்ணுவார். கடைசி வருஷம் பாத்ரூமுக்குப் போகவே என் தோளைப் பிடித்துக்கொண்டார். இருமல் இல்லாமல், மாத்திரை டப்பா இல்லாமல், அந்த முடியோடு அவரை இன்னொரு தரம் பார்த்தால் போதும் என்று இருந்தது. அப்படி ஒரு ஆசை வந்தது, அடக்கவே முடியவில்லை. கடை நேரத்தில், கஸ்டமர் எதிரில் உட்கார்ந்து அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மிஸ் கைப்பையிலிருந்து கர்ச்சீப் எடுத்துக் கொடுத்தார். நான் மூக்கைச் சிந்திவிட்டு, "நல்ல மனுஷங்க மிஸ் உங்க கவிஞருங்க. எனக்கு எந்த வயசுல வேணுமோ அந்த வயசுலயே அவரத் திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றேன். மிஸ் சிரிக்கவில்லை. முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. அந்தத் தாளை மட்டும் என் மேஜையிலிருந்து எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தப் பக்கம் இப்போதைக்கு வேணாம்கா, விட்டுட்டு அடிங்க."

நாலு, நாலு புதுசு, நாலு கடைசி

மடித்துக்கொண்டு போன தாளை அடுத்த மாசமே திருப்பிக் கொண்டுவந்தார். கூடவே இன்னும் ரெண்டு பக்கம் எழுதிச் சேர்த்திருந்தார். அடித்தேன். ஃபைலுக்கு 'நாலு' என்று பேர் வைத்தேன். அதற்கடுத்த மாசம் வந்து அந்த மூணு பக்கத்தையும் எடுத்துவிடச் சொன்னார். வேறு ஒரு கவிஞர் வேறு மாதிரி பாடியிருக்கிறாராம். அவர் சொர்க்கத்தில் குழந்தைகள் குழந்தைகளாகவே இருக்கிறார்களாம், கீழ்வரிசையில், அதே பிஞ்சு முகத்தோடு, அதே மழலைக் குரலோடு. இது சரி என்று அத்தியாயத்தை முடித்திருந்தார். இது 'நாலு புதுசு'. பிறகு மறுபடி வளர்ந்தவர்கள் கட்சி. 'நாலு கடைசி'. மறுபடி குழந்தைகள் கட்சி. 'நாலு கடைசி ரெண்டு'. ஆறு வருஷம்! மற்ற அத்தியாயம் எல்லாம் முடிந்து தூங்குகிறது, இது ஒன்று மட்டும் ஊஞ்சல் ஆடுகிறது. எந்தக் கட்சியை வைத்து முடித்தாலும் கையெழுத்துப் போடுகிறேன், முடித்துக் கொடுத்தால் போதும் என்று கைடு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம். கடைசியில் பதிவுக் காலமே தீர்ந்துபோயிற்று. அந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி. அதற்குள் காலேஜ் ஆபீஸில் அஞ்சு காப்பி வைக்காவிட்டால் பதிவு ரத்து. ஒன்பது வருஷ உழைப்பும் தண்ணீரில் போட்ட மாதிரிதான்.

அந்த வாரம் திங்கட்கிழமை மிஸ் மறுபடியும் நோட்டும் கையுமாகப் படியேறினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் வாய் எப்படி என்று பாய்க்குத் தெரியும், அவர் மெதுவாக எழுந்து வெளியே போய்விட்டார். "மிஸ், உங்களுக்கு என்னதான் வேணும்? செத்துப்போனவங்க அங்க எந்த வயசுல இருந்தா உங்களுக்கென்ன? நாலு நாள்ல பதிவே ரத்தாகப்போவுது, இப்பவும் வயசுக் கணக்கா?" என்று கத்திவிட்டேன். மிஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்கு ஒரு மகள் இருந்தாளாம், மெர்லின் என்று பேர். நாலு வயசு. எல்கேஜி சேர்த்து ரெண்டு மாசம். அஞ்சு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். பதினோரு வருஷம் ஆகிறது. பிஎச்டி சேர்ந்ததே அவள் போன பிறகுதானாம், அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று யாராவது ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடத்தான்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஒன்பது வருஷமாக அந்த அம்மா கையெழுத்தில் ஒவ்வொரு சுழியும் எனக்குத் தெரியும். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "குழந்தையாவே இருக்கான்னு எழுதி முடிச்சிடுங்க மிஸ், அதுதானே மனசுக்கு இருக்கு" என்றேன். தலையை ஆட்டினார். நோட்டில் இந்தத் தடவை அப்படித்தான் எழுதியிருந்தார். என் கையை விடாமலே சொன்னார்: "நாலு வயசுல போனவ முப்பத்து மூணு வயசுப் பொம்பளையா எதுக்க வந்து நின்னா, எனக்கு எப்படிக்கா அடையாளம் தெரியும்?"

வெள்ளிக்கிழமை

குழந்தைகள் கட்சியை அன்றைக்கே அடித்து முடித்தேன். 'நாலு கடைசி கடைசி' என்று பேர் வைத்தேன். வியாழக்கிழமை அஞ்சு காப்பியும் பிரின்ட் எடுத்தேன். பாய் அன்றைக்கே தைத்துப் பாரம் ஏற்றி வைத்துவிட்டார், ஏனென்றால் வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்குத் தொழுகை. காலையில் அட்டை ஏற்றி, பசையைக் காயவிட்டுவிட்டு மசூதிக்குப் போனார். திரும்பி வந்து நீல அட்டையில் தங்க எழுத்து அழுத்தினார். மூணரை மணிக்கு அஞ்சு புத்தகமும் மேஜையில். மிஸ் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். எடுத்த எடுப்பில் நாலாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத்தான் திறந்தார். படித்தார். "அக்கா, இது நான் குடுத்தது இல்லையே" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ஒரே மாதிரிப் பேரில் ஒன்பது ஃபைல் வைத்திருக்கிறவளுக்கு என்ன நடக்குமோ அது நடந்துவிட்டது. 'நாலு கடைசி கடைசி'க்குப் பதிலாக எல்லாவற்றுக்கும் முதலான 'நாலு' என்ற ஃபைலைத் தட்டிவிட்டிருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முந்தி மிஸ் எழுதி, அடுத்த மாசமே எடுக்கச் சொன்ன பக்கங்கள். அஞ்சு காப்பியிலும் முப்பத்து மூணு வயசு! "தப்பு என்னுது மிஸ், என்னுது மட்டும்தான்" என்று அழாத குறையாகச் சொன்னேன். பாய் மட்டும் பதறவில்லை. பிளேடை எடுத்தார். அந்தப் பக்கங்களை அடியோடு வெட்டி எடுத்துவிட்டுப் புதுசைப் பசை வைத்துச் சொருகிவிடலாம், அரை மணி நேரம் கொடுத்தால் போதும், காலேஜ் கூப்பிடு தூரம்தானே என்றார். நான் ஓடிப்போய்ச் சரியான ஃபைலைத் திறந்து பிரின்ட் கொடுத்தேன். ரெண்டு ரெண்டு தரம் பேரைப் பார்த்துக் கொடுத்தேன்.

மிஸ் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. விரல் வைத்துத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். "இதுல இப்படி எழுதியிருந்தேனா? எனக்கு மறந்தே போச்சு" என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று பாய் கேட்டார். மிஸ் தமிழில் சொன்னார். அங்கே இருப்பவர்கள் கடவுளின் வெளிச்சத்திலேயே எல்லாவற்றையும் பார்க்கிறார்களாம். அதனால் இங்கிருந்து புதிதாகப் போகிறவர் யாரையும் தெரியாமல் திகைத்து நின்றாலும் பயமில்லை. அங்கே இருப்பவர்களுக்கு இவரை ஏற்கெனவே தெரியும். அவர்கள்தான் எதிர்கொண்டு வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். பிரின்டர் பாட்டுக்குப் புதுப் பக்கங்களைத் துப்பிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"பிளேடை உள்ள வைங்க பாய்" என்றார் மிஸ். நான் விடவில்லை. "நிஜமாத்தான் சொல்றீங்களா? என் முகத்துக்காகச் சொல்லாதீங்க, நேரம் இருக்கு, மாத்திடலாம்" என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மணி நாலே கால். பாய் போய் ஆட்டோ பிடித்து வந்தார். அஞ்சு புத்தகத்தையும் மிஸ் மடியில் அடுக்கினேன். ஆட்டோ கிளம்பும்போது தலையை வெளியே நீட்டி, கண்ணைத் துடைக்காமலே, என்னைப் பார்த்துச் சொன்னார்: "பதினோரு வருஷமா அவள நாலு வயசுலயே உக்கார வச்சிருந்தேன்கா, நான் கண்டுபிடிக்கணுமேன்னு. அவளுக்குத்தான் என்னத் தெரியுமே, வளரட்டும்."

பழைய ஃபைலையெல்லாம் அழித்துவிடுங்கள், மெஷின் ரொம்ப மெதுவாகிவிட்டது என்று சர்வீஸ்காரர் வரும்போதெல்லாம் சொல்கிறார். எனக்கும் அங்கே ஒருத்தரைப் பார்க்க வேண்டியிருக்கிறது, அவருக்கோ கண்ணாடி போடாவிட்டால் எதிரில் நிற்பது பெண்டாட்டியா பீரோவா என்றே தெரியாது, எந்தச் சொர்க்கம் எனக்குக் கைகொடுக்குமோ, அதனால் நான் ஒரு ஃபைலையும் அழிப்பதாக இல்லை.